கவுன்டருக்கு அந்தப் பக்கம்



செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் 1968இல் எடுத்த ‘மண்டாபி’ படத்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். டக்கார் நகரில் வேலையின்றி இருக்கும் இப்ராஹிமா டியெங்குக்கு, பாரிஸில் தெருக்கூட்டும் சகோதரி மகன் 25,000 பிராங்க் மணியார்டர் அனுப்புகிறான். தபால் நிலையத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பிறந்த தேதி வேண்டும். அவர் பிறந்தபோது அதை யார் எழுதிவைத்தார்கள்? அலைந்து அலைந்து கடன்தான் ஏறுகிறது. கடைசியில், உதவுகிறேன் என்று அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்ட படித்த உறவினன் ஒருவனே பணத்தை எடுத்துக்கொள்கிறான்.

நாடு விடுதலை பெற்று அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கவுன்டரில் இருந்தவர்கள் செனகல்காரர்கள். ஆனால் காகிதம் பிரெஞ்சில் இருந்தது. டியெங் வாழ்ந்தது வோலோஃப் மொழியில். கொடி மாறியும் அவர் தன் நாட்டிலேயே ஆள் வைத்துப் படிக்கவேண்டியவராகத்தான் இருந்தார். எனக்கு இதுதான் காலனியத்தின் ஆகக் கொடிய மிச்சமாகத் தெரிகிறது.

பணமும் அப்படித்தான். பிரான்ஸ் 1945இல் உருவாக்கிய சிஎஃப்ஏ பிராங்க்தான் இன்றும் செனகலில் புழங்குகிறது. 1994 ஜனவரியில் பிரெஞ்சு பிராங்குக்கு எதிராக அதன் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். வெளியிலிருந்து வரும் அரிசியையும் மருந்தையும் நம்பியிருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

எல்லைக் கோட்டையும் சொல்லவேண்டும். 1889இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, காம்பியா ஆற்றின் இரு கரையிலும் ஒரு குறுகிய பட்டை, அதாவது இன்றைய காம்பியா நாடு, பிரிட்டனுக்குப் போனது. சுற்றியுள்ள நிலம் பிரான்சுக்கு. கோட்டின் இருபுறமும் அதே வோலோஃப், அதே மண்டிங்கா மக்கள். ஒரு வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் படித்தான், அவன் பெரியப்பா மகன் பிரெஞ்சில் படித்தான். செம்பேன் பிறந்த தெற்குக் கசமான்ஸ் பகுதி டக்காரிலிருந்து துண்டுபட்டு நின்றது. 1982இல் செனகலும் காம்பியாவும் கூட்டமைப்பாக இணைந்து பார்த்தன. 1989இல் அது கலைந்தது. படகுத்துறையில் லாரிகள் காத்துக் கிடந்த அந்த ஆற்றின்மேல் 2019இல்தான் பாலம் திறந்தது. கோடு அழியவில்லை, ஆனால் கடப்பது எளிதாயிற்று. அதையும் சிறிய காரியம் என்று நான் நினைக்கவில்லை.

செம்பேன் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிரெஞ்சில் நாவல் எழுதிப் பெயர் பெற்ற பிறகும், தன் மக்களில் பெரும்பாலோரால் அதைப் படிக்க முடியாது என்பது அவரை உறுத்தியது. சினிமாவுக்கு வந்தார். பிரெஞ்சுப் பண உதவி இருந்ததால் ‘மண்டாபி’யைப் பிரெஞ்சிலும் எடுக்கவேண்டியிருந்தது, வோலோஃபில் எடுப்பதை மட்டும் அவர் விடவில்லை. படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டு, முடிந்ததும் மக்களோடு உட்கார்ந்து பேசினார்.

இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை வங்கியிலோ தாலுகா அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ கவுன்டருக்கு அந்தப் பக்கம் அமர்வீர்கள். வயதான ஒருவர் ஒரு படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கி நிற்பார். அவரை உட்காரச் சொல்லி, அவர் மொழியிலேயே படித்துக்காட்டி நிரப்பிக் கொடுங்கள். அன்று மாலையே, அந்தப் படிவத்தை அவருக்குப் புரியும்படி மாற்றச் சொல்லி மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.