தரிசு நிலத்தைக் காடாக்கிய உழவர்



"மேல்மண் இறுகிவிட்டது, பெய்த மழையும் வழிந்தோடி விடுகிறது, இனி இதில் என்ன விளையும்?" என்று வருந்தும் மானாவாரி உழவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்காக மேற்கு ஆப்பிரிக்க உழவர் ஒருவரின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் யாகூபா சவதோகோ. புர்கினா பாசோ நாட்டின் வடபகுதியில் யாதெங்கா மாநிலத்திலுள்ள கூர்கா என்னும் சிற்றூரில் 1946-ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் வாகிகூயா நகரச் சந்தையில் வணிகம் செய்து வந்தார். 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் அப்பகுதியைக் கடும் வறட்சி வாட்டியது. கிணறுகள் வற்றின. பலர் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறினர். சவதோகோவோ 1980-ஐ ஒட்டி வணிகத்தை விட்டுவிட்டு, மனைவி மக்களுடன் நிலத்துக்கே திரும்பினார்.

அவர் கைக்கொண்டது 'சாய்' என்னும் பழைய குழிமுறை. முன்னோர் வெட்டிய குழிகளைவிட அகலமாகவும் ஆழமாகவும் அவர் வெட்டினார். பொதுவாக இக்குழிகள் 20 முதல் 40 செ.மீ. அகலமும், 10 முதல் 20 செ.மீ. ஆழமும் இருக்கும். வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்புறத்தில் அணைத்து, குழிக்குள் தொழு உரமும் மட்கும் இட வேண்டும். எருவைத் தேடிக் கரையான்கள் வந்து மண்ணில் துளையிடும். அத்துளைகளின் வழியே மழைநீர் உள்ளே இறங்கும். முதல் மழையில் குழியிலேயே கம்பும் சோளமும் விதைக்கலாம். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பும் அமைத்தால் நீரோட்டம் தணியும்.

மழைக்குக் காத்திராமல் கோடையிலேயே குழி வெட்டியதைக் கண்ட ஊரார் அவரைப் பித்தன் என்றனர். அத்தோடு நிற்கவில்லை, அவர் வளர்த்த மரங்களுக்குத் தீயும் வைத்தனர். அவர் யாரிடமும் பகை கொள்ளவில்லை. மீண்டும் நட்டார். ஒன்றுமே விளையாத நிலத்தில், மழை குறைந்த ஆண்டிலும் எக்டேருக்கு 300 முதல் 400 கிலோ தானியம் தரவல்லது இம்முறை. அவர் குடும்பத்தின் களஞ்சியம் நிறைந்ததைக் கண்ட பின்னரே ஊரார் கற்க வந்தனர்.

எருவோடு வந்த மரவிதைகள் குழிகளில் முளைத்தன. அவற்றைக் களையெனப் பிடுங்காமல் காத்தார். நாளடைவில் அறுபதுக்கும் மேற்பட்ட மர, செடி வகைகள் கொண்ட காடு உருவாயிற்று. பறவைகள் திரும்பின. மூலிகைகள் கிடைத்தன. 1984 முதல் தம் பண்ணையிலேயே சந்தை நாட்கள் நடத்தினார். பல ஊர் உழவர்கள் அங்கு விதைகளையும் அனுபவத்தையும் பரிமாறிக் கொண்டனர்.

சோதனை மீண்டும் வந்தது. நகரம் விரிந்தபோது காட்டின் ஒரு பகுதி வீட்டுமனைகளாக அளக்கப்பட்டது. உழைத்து உருவாக்கிய மண்ணுக்காகவே முதுமையில் அவர் போராட வேண்டியிருந்தது. 2018-இல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும், 2020-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் விருதும் அவரைத் தேடி வந்தன. 2023 டிசம்பரில் மறைந்தார்.

உழவர் பெருமக்களே! இம்முறைக்கு உழைப்பு மிகுதி. ஓர் எக்டேரில் குழி வெட்டப் பல நூறு மணி நேரம் பிடிக்கும். மழை மிகுந்த இடங்களில் குழியில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். மணற்பாங்கான நிலத்தில் குழி நிலைக்காது. எனவே குறைந்த மழையும் இறுகிய மேல்மண்ணும் உள்ள நிலத்திற்கே இது ஏற்றது. முதலில் ஐந்து சென்ட் நிலத்தில் செய்து பாருங்கள். கோடையில் வேலையற்ற நாட்களில் குடும்பத்தோடு பத்துப் பத்துக் குழிகளாக வெட்டுங்கள். பக்கத்திலேயே குழியில்லாமல் அதே பயிரை விதைத்து, இரண்டின் விளைச்சலையும் எடை போட்டுப் பாருங்கள்.

கைவிட்ட நிலம் என்று ஒன்றில்லை, கைவிட்ட மனிதர்தாம் உண்டு என்பதை ஓர் உழவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.