72 மணி நேரம்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனா காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் பட்ட பாட்டைப் பற்றி நான் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டரும் இல்லை, அதிகாரியும் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், டிக்கெட் பதிவு என்று ஒரு சின்னக் கடை வைத்திருப்பவன். ஆனால் அந்த மூன்று வருஷமும் அரசாங்கம் போட்ட விதிகள் ஜனங்கள் கையில் போய்ச் சேர்ந்த இடம் என் கடை மாதிரிக் கடைகள்தான். மனைவி வருவாள், அண்ணன் வருவான், வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படம் வரும். நாங்கள் படிவம் நிரப்புவோம். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த விதிகளே தேவையில்லை என்று சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியானது 2020 மார்ச் 7ஆம் தேதி. அவர் ஓமன் நாட்டிலிருந்து நம் காஞ்சிபுரத்துக்குத் திரும்பியவர். நோய் விமானத்தில்தான் வந்தது என்பதை நமக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவர் குணமாகி வீடு திரும்பினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மார்ச் 13 முதல் பெரும்பாலான விசாக்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் இறங்கத் தடை. முதலில் ஒரு வாரம் என்றார்கள். வழக்கமான வெளிநாட்டு விமானப் போக்குவரத்து மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27ஆம் தேதி! ஒரு வாரம் இரண்டு வருஷமாக நீண்டது. நடுவில் 2020 மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள். கடற்படைக் கப்பல் ஜலஷ்வா கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் நம் ஆட்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. இதெல்லாம் நீங்கள் பத்திரிகையில் படித்ததுதான்.

நான் சொல்ல வந்தது, வந்து இறங்கியவனுக்கு என்ன விதி என்பதைப் பற்றி. 2020 மே 24ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. வருகிறவர் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும். முதல் 7 நாள் அரசு சொல்லும் இடத்தில், சொந்தச் செலவில். அடுத்த 7 நாள் வீட்டில். வேலை போய், மூன்று மாசச் சம்பள பாக்கியோடு வருகிறவனும் தன் காசில்தான் தங்க வேண்டும். கர்ப்பிணி, வீட்டில் சாவு, கடுமையான நோய், பத்து வயதுக்குள் குழந்தை, இந்த நான்கு வகைக்கு மட்டும் விலக்கு. அவர்கள் 14 நாளும் வீட்டிலேயே இருக்கலாம். மாநிலங்கள் கூடுதலாக விதி போட்டுக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 8 முதல் புது விதி. எல்லோரும் ஏர் சுவிதா என்ற இணையதளத்தில் உறுதிமொழிப் படிவம் போட வேண்டும். 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தால், ஓட்டலில் தங்காமல் நேரே வீட்டுத் தனிமைக்குப் போகலாம். நல்ல விதிதான். ஆனால் வீட்டில் சாவு என்று விலக்குக் கேட்பவர் எப்போது விண்ணப்பிக்க வேண்டும் தெரியுமா? விமானம் ஏறுவதற்கு 72 மணி நேரம் முன்பாக.

இதை எழுதியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பிரசவத்துக்கு 72 மணி நேரம் சரி. குழந்தையோடு வருகிறவருக்கும் சரி. நான்கையும் ஒரே வரியில் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே கெடு வைத்துவிட்டார்கள். சாவு மூன்று நாள் முன்னாடி சொல்லிக்கொண்டு வருமா சொல்லுங்க?

அந்த செப்டம்பரில் ஒருநாள் விடியற்காலை சார்ஜாவிலிருந்து போன். சாலவாக்கம் பக்கத்துக் கிராமத்துப் பையன், அங்கே ஏ.சி. மெக்கானிக். "அண்ணே, அப்பா போயிட்டாரு. எடுக்கறதுக்குள்ள முகத்தைப் பாத்துட முடியுமாண்ணே?" நான் கணினியைத் திறந்து விதியைப் படித்தேன். மறுபடி படித்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு மூன்று நாளில் வந்து நின்றது. நம்ம ஊரில் காலையில் போனவரைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவோம். ரொம்பப் போனால் மறுநாள். "முடியாதுப்பா" என்று சொன்னேன். சொல்ல வேண்டியவன் நானாகிவிட்டேன். தம்பிக்காரன் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, அவன் அங்கிருந்தபடியே பார்த்தான்.

பரிசோதனை எடுத்து, படிவம் போட்டு, டிக்கெட் கிடைத்து, ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தான். சான்று இருந்ததால் நேரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த நாள் முதல் 14 நாள் வீட்டுத் தனிமை. ஐந்தாம் நாளோடு பதினான்கைக் கூட்டிப் பாருங்கள். கருமாதி பதினாறாம் நாள் ஏரிக்கரையில். தலைமகன் அவன், வீட்டுக்குள். காரியம் செய்தது தம்பி. பிறகு கடைக்கு வந்தபோது அவன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "வந்தும் வரலண்ணே."

விதியை மீறியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அவன் மீறவில்லை. வீட்டில் வயசான பாட்டி இருந்தாள். அவன் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சாவுக்கு வருகிறவனுக்கு மட்டும் தனி வரி ஒன்று எழுதியிருந்தால், விமான நிலையத்திலேயே மனுவை வாங்கி, அங்கேயே பரிசோதனை செய்து, கவச உடையோடு ஒரு மணி நேரம் தூர நின்று பார்க்க விட்டிருந்தால், நோய் ஒன்றும் கூடியிருக்காது. 2021 பிப்ரவரியில் விதியை மாற்றி எழுதினார்கள். பரிசோதனைச் சான்று எல்லோருக்கும் கட்டாயம், வீட்டில் சாவு என்று வருகிறவருக்கு மட்டும் சான்று இல்லாமல் அனுமதி என்றார்கள். சந்தோஷப்பட்டேன். கீழே படித்தால், அதற்கும் விமானம் ஏற 72 மணி நேரம் முன்பாக விண்ணப்பம்!

விதி என்றதும் நம்ம ஊர் ஆட்களுக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் ஞாபகம் வராமல் இருக்காது. குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நம் கல்லூரி மேடையில் பேசாதவர் யார்? நான் சொல்ல வருவது வேறு. பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919 வாக்கில், ஒரு விதி வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில் அதைத் திருத்தி, 14ஆம் ஆண்டில் இன்னும் விவரமாக இன்னொன்று வெட்டினார்கள். பழையதைச் செதுக்கி எறியவில்லை. இரண்டும் இருக்கிறது. எது எப்போது மாறியது என்று ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் படிக்கலாம். குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்களும் படிக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

நான் பார்த்த விதிகள் ராத்திரி மாறும். 96 மணி 72 மணியானது. 2021 டிசம்பர் 1 முதல் ஒமைக்ரானுக்காக 'ஆபத்துள்ள நாடுகள்' என்று ஒரு பட்டியல். அங்கிருந்து வந்தால் விமான நிலையத்திலேயே பரிசோதனை, முடிவு வரும்வரை காத்திருப்பு, பிறகு 7 நாள் வீட்டில், எட்டாம் நாள் மறுபரிசோதனை. சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில். டிக்கெட் வாங்கும்போது ஒரு விதி, ஏறும்போது ஒரு விதி, இறங்கும்போது ஒரு விதி. நாங்கள் கடைச்சுவரில் தேதி போட்டு ஒட்டுவோம். பழைய தாளைக் கிழிக்காமல் அதன் பக்கத்திலேயே புதிய தாளை ஒட்டச் சொன்னேன். பையன் சிரித்தான். ஊர் வழக்கம்டா என்றேன்.

இது நம் நாட்டுக்கு வருகிறவர் கதை. இங்கிருந்து போக வேண்டியவர்கள் கதை இன்னும் மோசம். 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை அடித்தபோது ஒவ்வொரு வாசலாகச் சாத்தினார்கள். பிரிட்டன், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், எல்லாம் ஒரே வாரத்தில். ஆஸ்திரேலியா தன் சொந்தக் குடிமக்களே இந்தியாவிலிருந்து திரும்பினால் ஐந்து வருஷம் வரை சிறை என்றது. மே 15 வரை அது அமலில் இருந்தது.

லீவில் வந்த நம் ஆட்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். வளைகுடா விசாவுக்கு ஆறு மாசக் கணக்கு ஒன்று உண்டு, அதற்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக விசா போய்விடும். நடுவில் சலுகை நீட்டித்தார்கள் என்றாலும், அந்தச் செய்தி வரும்வரை யாருக்குத் தூக்கம்? கடந்த 14 நாளில் இந்தியாவில் இருந்தவருக்கு அனுமதியில்லை என்பது விதி. அப்படியானால் வேறு நாட்டில் 14 நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்று சிலர் ஆர்மீனியா போனார்கள். உலகப் படத்தில் அது எங்கே இருக்கிறது என்று நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு செலவு, வட்டிக்கு வாங்கி.

ஆகஸ்டில் வாசல் கொஞ்சம் திறந்தபோது 48 மணி நேரத்துக்குள் ஒரு பரிசோதனை, அது போதாதென்று விமானம் ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்பு விமான நிலையத்திலேயே இன்னொரு துரிதப் பரிசோதனை. சான்றில் கியூ.ஆர். கோடு இருக்க வேண்டும் என்று துபாய் சொல்லியிருந்தது. ஒரு பரிசோதனைக் கூடம் அது இல்லாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. பெயர் வேண்டாம். மானாம்பதிப் பக்கத்துக்காரர் ஒருவர் மீனம்பாக்கத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தார்.

இந்த விவகாரத்தில் எனக்குச் சிரிப்பு வந்த சமயமும் உண்டு. 2021 அக்டோபரில் பிரிட்டன் கோவிஷீல்டு தடுப்பூசியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்தியாவின் சான்றிதழை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றது. ஊசி அவர்கள் நாட்டுக் கண்டுபிடிப்பு, புனேயில் தயாரித்தது. உடனே இந்தியா பிரிட்டிஷ்காரர்களுக்கும் பத்து நாள் தனிமை என்றது. ஒரு வாரத்தில் அவர்கள் இறங்கிவந்தார்கள், இரண்டொரு நாளில் நாமும் எடுத்துவிட்டோம். கிருமிக்கும் அந்த பத்து நாளுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துப் பாருங்கள். கேட்க ஆள் இருக்கிற நாட்டுக்காரனுக்கு விதி ஒரு வாரத்தில் மாறும். அமீரகத்தில் கம்பி கட்டுகிறவனுக்கு மாறாது.

இது புதிதில்லை. வரலாற்றுத்துறை மாணவர்கள் இருக்கிறீர்கள், மண்டபம் முகாமைப் பற்றிப் படியுங்கள். இன்றைக்கு அதை இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் என்று அறிவோம். ஆனால் அது முதலில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் நம் தொழிலாளர்களை நிறுத்திவைத்துச் சோதிக்கும் முகாம். இந்திய மண்ணில், இலங்கை அரசு நடத்தியது. பிளேக், காலரா, அம்மை வந்துவிடக் கூடாதென்று அங்கே நாள்கணக்கில் தங்கவைத்து, அம்மை குத்தி, பிறகுதான் ரயிலில் பாம்பன் பாலம் தாண்டித் தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கும் அனுப்பினார்கள். அந்த முகாமில் அடைபட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. எழுதிவைக்க அவர்களுக்குப் படிப்பில்லை. நமக்கு இருக்கிறது. அதனால்தான் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் சுற்றுவட்டாரத்தில் அந்த மூன்று வருஷத்தில் வந்து போனவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதை மாணவர்கள் எழுதி, இந்த மலரிலேயே வருஷத்துக்கு இரண்டு மூன்றாகப் போடலாம். என் கடையில் அந்தச் சுவரொட்டித் தாள்கள் எல்லாம் கட்டாக இருக்கின்றன, தருகிறேன்.

கடைசியாக, உள்ளே வரும்போது ஒரு தம்பி, "சார், இப்ப ஏதாவது விதி இருக்கா?" என்று கேட்டார். ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பர் 22இல் நின்றது. சீனா, ஜப்பான், சிங்கப்பூர் உள்ளிட்ட சில இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 ஜனவரியில் மறுபடி வந்த சான்றும் பிப்ரவரியில் போய்விட்டது. ஆனால் கொரோனாவுக்கு முன்பே இருந்தது ஒன்று இன்னும் இருக்கிறது. நைஜீரியா, காங்கோ என்று ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருதரம் போட்டால் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் போட்டு பத்து நாள் கழித்துத்தான் செல்லத் தொடங்கும். நாளைக்கு விமானம், இன்றைக்கு ஊசி என்று ஓடி வந்தால் என் கடையில் எந்தப் படிவமும் இல்லை.