பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்

புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா என்றால், உறுமியும் தப்பும் முழங்காமல் சாமி புறப்படாது. அடிப்பவர் யார் என்று லயத்துக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வானொலியில் அன்றாடம் கேட்கும் சினிமாப் பாட்டில் டிரம்ஸ் அடித்தவர் யார் என்று கேட்டால் விழிப்போம். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை அறிவிப்பாளர் சொல்வார். தாளக்காரர் பெயர் வருவது அபூர்வம்.

அப்படிப்பட்ட ஒருவர்தான் புருஷோத்தமன். குழுவில் 'புரு' என்பார்கள். இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்தவர். அவருடைய உடன்பிறந்தவர் சந்திரசேகர், கிட்டார் கலைஞர். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் ஒலிப்பது அவர் கிட்டார்தான்.

டிரம்ஸ் மேல்நாட்டு வாத்தியம். ஜாஸ் இசையில் வளர்ந்து, ராக் இசையில் உலகம் சுற்றியது. 1960களில் நம் நாட்டு 'பாப் யே யே' குழுக்களும் அதைத்தான் முழக்கின. வலக்கால் பெரிய டிரம்மை மிதிக்கும். இடக்கால் ஜோடித் தாளத்தைத் திறந்து மூடும். இரண்டு கைகளும் மற்றவற்றைக் கவனிக்கும். கோயிலில் நாலு பேர் செய்கிற வேலை, இங்கே ஒரே ஆளுக்கு!

அந்நாளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் பாட்டைப் பதிவு செய்வார்கள். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாளக்காரர் வேகத்தைக் கூட்டினால் பாடகருக்கு மூச்சு வாங்கும். குறைத்தால் பாட்டு படுத்துவிடும்.

நான் சிறுவனாக இருந்தபோது பால்மாவு டின்னைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பேன். "படிப்பு ஏறாதவன்தான் மேளம் அடிப்பான்" என்று வீட்டில் முதுகில் ஒன்று விழும். அந்தப் பேச்சு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இளையராஜா குழுவிலோ, அவர் எழுதித்தரும் இசைக்குறிப்பைப் படித்துத்தான் வாசிக்க வேண்டும். படிப்பில்லாமல் அது நடக்குமா? புரு பிற்பாடு அக்குழுவை நடத்தும் கண்டக்டராகவும் இருந்தார். பஸ் கண்டக்டர் அல்ல. கை அசைவால் அத்தனை வாத்தியங்களையும் ஓட்டுபவர்.

2020 மே மாதத்தில் அவர் காலமானார். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடல் காட்சியில் அவரும் தோன்றினார். அந்தப் பாட்டு அடுத்த முறை ஒலிக்கும்போது, பாடுகிறவர் குரலைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அடியில் ஓடும் டிரம்ஸை மட்டும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் உங்களுக்கு முன்பே பிடித்துவிடுவார்கள்.