எக்குவடோர் மக்கள் அளித்த விடை



2024 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9 ஆந் திகதி பிற்பகல், தென் அமெரிக்க நாடாகிய எக்குவடோரின் துறைமுக நகரான குவயாகிலில், தொலைக்காட்சி நிலையமொன்று நேரடியாக நிகழ்ச்சியை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. முகத்தை மறைத்த சிலர் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் ஏந்தி ஒளிபரப்புக் கூடத்தினுள் நுழைந்தனர். ஊழியர்கள் தரையிலே கிடத்தப்பட்டனர். ஆயினும் ஒளிபரப்பு உடனே நின்றுவிடவில்லை. நாட்டு மக்கள் தத்தம் வீடுகளிலிருந்தே அக்காட்சியைக் கண்ணுற்றனர். பொலிசார் வந்து அவர்களைக் கைதுசெய்தனர் என்பது உண்மையே. என்றாலும், ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசும் என் போன்றோர்க்கு அந்தச் செய்தி எளிதில் மறக்கற்பாலதன்று.

அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான், பெருங் குற்றக் கும்பலொன்றின் தலைவன் சிறையிலிருந்து மறைந்துவிட்டான் என்பது தெரியவந்திருந்தது. பதவியேற்று இரண்டு மாதங்கூட நிரம்பாத ஜனாதிபதி டானியல் நொபோவா, நாட்டினுள்ளே ஆயுதப் போர் நிலவுகின்றதெனப் பிரகடனஞ் செய்தார். 22 கும்பல்களைப் பயங்கரவாதக் குழுக்களெனப் பெயர் குறித்து, இராணுவத்தை வீதிக்கு அழைத்தார்.

இத்தனைக்கும் எக்குவடோர் நெடுங்காலமாக அமைதியான நாடு என்றே பெயர் பெற்றிருந்தது. 2017 ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஆறு என்ற அளவிலேயே அங்கு கொலைகள் நிகழ்ந்தன. 2023 இல் அத்தொகை 45 ஐ அண்மித்தது. ஆறே ஆண்டுகளில் ஒரு நாடு இவ்வாறு மாறியது எங்ஙனம்?

முதற் காரணம் அந்நாட்டின் இருப்பிடம். உலகில் கொக்கெயின் என்னும் போதைப்பொருளை மிகுதியாக உற்பத்தி செய்யும் கொலம்பியாவும் பெருவும் அதன் இரு மருங்கிலும் உள்ளன. 2016 இல் கொலம்பிய அரசு பெருங் கெரில்லா இயக்கத்தோடு சமாதான உடன்படிக்கை செய்தது. நல்ல காரியந்தான். ஆனால், அவ்வியக்கத்தின் பிடியிலிருந்த கடத்தல் வழிகள் பல சிறு குழுக்களின் கைக்கு மாறின. மெக்சிக்கோவிலிருந்தும் ஐரோப்பாவின் பால்கன் பகுதியிலிருந்தும் வந்த வணிகர்கள் எக்குவடோரின் உள்ளூர்க் கும்பல்களைக் கூலிக்கு அமர்த்தினர்.

அடுத்தது வாழைப்பழம். உலகில் மிக அதிகமாக வாழைப்பழத்தை ஏற்றுமதி செய்யும் நாடு எக்குவடோர். ஆயிரமாயிரம் கொள்கலன்கள் ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு ஓயாது செல்கின்றன. அழுகும் சரக்காதலின் அவற்றை நெடுநேரம் தடுத்து வைத்துச் சோதித்தல் இயலாது. கடத்தற்காரனுக்கு இதனினும் வாய்ப்பான மறைவிடம் வேறேது? அன்றியும், 1999 இல் வங்கிகள் சரிந்ததன் விளைவாக, 2000 ஆம் ஆண்டில் அந்நாடு தனது சொந்த நாணயமாகிய சுக்கிரேயைக் கைவிட்டு அமெரிக்க டொலரை ஏற்றுக்கொண்டது. விலைவாசியை அடக்கிய அதே டொலர், கள்ளப் பணத்தை மாற்றுவோர்க்கும் வசதியாயிற்று.

அரசின் சிக்கனமும் இங்கே குறிப்பிடத் தக்கது. சிறைச்சாலைகளை நிருவகித்த நீதியமைச்சைக் கலைக்கும் ஆணை 2018 இன் இறுதியில் பிறந்தது. எவ்வளவு மிச்சமானதோ நான் அறியேன். இழப்பை உலகமே அறியும். சிறைகள் கும்பல்களின் கோட்டைகளாயின. 2021 செப்டெம்பரில் குவயாகில் சிறையொன்றில் ஒரே கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கைதிகள் மாண்டனர். 2023 ஆகஸ்டில், ஊழலையும் கும்பல்களையும் வெளிப்படையாகச் சாடிவந்த ஜனாதிபதி வேட்பாளர் பெர்னாண்டோ விலாவிசென்சியோ, தலைநகர் கீற்றோவில் கூட்டம் முடிந்து வெளிவருகையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்நிலையில் 35 வயதே நிரம்பிய நொபோவா தெரிவானதில் வியப்பில்லை. இவர் பெரும் வாழைப்பழ வணிகர் ஒருவரின் மைந்தர். தந்தையார் ஐந்து முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர். இராணுவத்துக்கு அதிகாரங் கூட்டுவது பற்றி 2024 ஏப்ரலில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் மக்கள் ஆமென்றனர். பாதுகாப்புச் செலவைக் காரணங் காட்டிப் பெறுமதி சேர் வரி 12 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்ந்தபோதும் பொறுத்துக்கொண்டனர். அவ்வாண்டின் இறுதியில் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளொன்றுக்கு 14 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. அதன் பின்னும் 2025 ஏப்ரலில் ஏறக்குறைய 56 வீத வாக்குகளால் அவரையே மீண்டும் தெரிவுசெய்தனர்.

ஆனால், அச்சத்தின் பெயரால் கொடுத்த அதிகாரம் யார்மேற் பாயும் என்பதை நேயர்கள் சிந்தித்தல் வேண்டும். 2024 டிசெம்பரில், குவயாகிலின் வறிய பகுதியொன்றில் வாழ்ந்த நான்கு சிறுவர்கள் வான்படை ரோந்தினராற் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் மூத்தவனுக்கு வயது 15, இளையவனுக்கு 11. சில நாட்களின் பின் எரியுண்ட உடல்கள் கண்டெடுக்கப்பட்டு, அச்சிறுவர்களுடையவையெனச் சோதனையால் உறுதியாயின. வான்படையினர் பலர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். எந்தக் குற்றக் கும்பலிலும் சேராத ஏழைத் தாய்மார் அன்று நாடெங்கணும் எழுப்பிய கேள்விக்கு, போர்ப் பிரகடனத்தில் விடையிருக்கவில்லை.

கொலைகளோ குறையவில்லை. 2024 இல் சற்றுத் தணிந்த தொகை, 2025 இன் முதல் ஆறு மாதங்களிலேயே 4,600 ஐக் கடந்தது. தப்பியோடிய தலைவன் 2025 யூனில் பிடிபட்டு, யூலையில் ஐக்கிய அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டான். எனினும், ஒரு தலைவன் போனால் அவனிடத்துக்குப் பலர் போட்டியிடுவர் என்பதே அங்கு கண்ட அனுபவம்.

செப்டெம்பரில் அரசு டீசலுக்கான மானியத்தை நிறுத்தியது. கலன் ஒன்று 1 டொலர் 80 சதத்திலிருந்து 2 டொலர் 80 சதமாயிற்று. சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெற்ற அரசுக்குப் பணமுடை. டீசலைக் கள்ளமாகக் கடத்துவோர் கொழுக்கின்றனர் என்ற வாதமும் பொய்யன்று. ஆயினும், மலைப் பிரதேசத்துப் பூர்வீகக் குடிகளுக்கு டீசல் என்பது சந்தைக்குச் செல்லும் லொறியின் கூலி. 2019 இல் இதே முயற்சியை அவர்கள் முறியடித்தவர்கள். இம்முறை ஒரு மாதம் வீதிகளை மறித்தும் அரசு இணங்கவில்லை. ஒக்டோபரில் போராட்டம் ஓய்ந்தது. ஜனாதிபதி வென்றார் என்றே பலரும் எண்ணினர்.

நவம்பர் 16 ஆந் திகதி மற்றுமொரு சர்வஜன வாக்கெடுப்பு. 2008 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தடைசெய்த அந்நியப் படைத்தளங்களுக்கு மீண்டும் இடமளிக்கலாமா? புதிய அரசியலமைப்பை வரைய நிர்ணய சபை கூட்டலாமா? கட்சிகளுக்கான அரச நிதியை நிறுத்தலாமா? பிரதிநிதிகள் தொகையைக் குறைக்கலாமா? நான்கு வினாக்களுக்கும் மக்கள் இல்லையென்றனர். படைத்தள வினாவுக்கு மறுப்புத் தெரிவித்தோர் ஏறத்தாழ 60 வீதத்தினர்.

ஏழு மாதங்களுக்கு முன் அவரைத் தெரிவுசெய்த அதே மக்கள்! இதனை மனமாற்றமென நான் கருதவில்லை. கும்பல்களை அடக்குமாறு ஒரு மனிதரை அவர்கள் பணித்தனர். அதற்காக நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே அவர் கையிற் கொடுக்க உடன்படவில்லை. மக்களின் விருப்பத்தை மதிப்பதாக நொபோவா அன்றிரவே அறிவித்தார். அவருக்குரிய பதவிக்காலம் 2029 ஆம் ஆண்டுவரை இருந்தது. குவயாகில் துறைமுகத்தில் வாழைப்பழக் கொள்கலன்கள் வழமைபோல் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன.