எனக்குப் பிறகு தம்பிக்கு யார்? – குடும்ப டிரஸ்ட் பற்றி ஒரு பேச்சு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ‘பி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை காலையில் சொத்து, உயில், சாவு என்று பேசக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். “காபியும் வடையும் உண்டு என்று போட்டுவிடலாம் சார்” என்றார். வந்திருக்கிறீர்கள். நன்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. முப்பது வருடம் வங்கியில் இருந்தவன். இறந்துபோனவர்களின் பாஸ்புக்கோடு கவுண்டருக்கு வந்து நின்ற குடும்பங்களை நிறையப் பார்த்தவன். ஆனால் இன்று பேச வந்தது அதற்காக அல்ல. என் தம்பிக்காக.

என் தம்பியை உங்களில் பலருக்குத் தெரியும். சாயங்காலம் கேட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கை காட்டுவானே, அவன்தான். வயது ஐம்பத்திரண்டு. மனவளர்ச்சி ஏழு எட்டு வயதோடு நின்றுவிட்டது. அப்பா உயிலில் வீட்டை என் பெயருக்கு எழுதி, “இளையவனை ஆயுள் வரை பராமரித்து வர வேண்டியது” என்று ஒரு வரி சேர்த்தார். அப்பாவும் போனார், அம்மாவும் போனார். நான் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை சரி.

போன வருடம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் அந்த ஒரு வரியைப் பற்றி யோசித்தேன். நான் போய்விட்டால் சொத்து என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகள் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் டல்லாஸில், ஒருவர் பெங்களூரில். அப்பா எழுதிய அந்த வரியை நிறைவேற்று என்று யார் போய்க் கேட்பது? கேட்க உரிமை உள்ளவன் தம்பி. ஆனால் கேட்கத் தெரியாதவனும் அவன்தான்.

அங்கிருந்துதான் டிரஸ்ட் என்கிற விஷயத்துக்கு வந்தேன்.

டிரஸ்ட் என்றால் பணக்காரர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. கோயில் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் நிலத்தை எழுதி வைப்பார். அதில் வரும் வருமானத்தில் இன்ன நாளில் விளக்கு, இன்ன நாளில் அன்னதானம் என்று சொல்லிவைப்பார். எழுதியவர் போய்ப் பல தலைமுறை ஆகியிருக்கும், விளக்கு எரியும். அழகர் ஆற்றுக்கு வரும் வழியில் எத்தனை மண்டகப்படி! கொடுத்தவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர். டிரஸ்டின் உயிர்நாடி இந்த மூன்று பேர்தான்.

சட்டத்தின் மொழியில் சொன்னால்: சொத்தைக் கொடுத்து ஏற்படுத்துபவர், அதை வைத்து நிர்வகிக்கும் டிரஸ்டி, பயனாளி. சொத்து டிரஸ்டியின் பெயரில் இருக்கும். ஆனால் அவருக்கு உரியதல்ல. பயனாளிக்காக மட்டுமே அதைக் கையாள வேண்டும்.

இதில் இரண்டு வகை. பொதுமக்களுக்காக ஏற்படுத்துவது பொது அறக்கட்டளை. நம் அண்ணா நகரில் 1976-ல் பதினோரு படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கோவெல் டிரஸ்ட் என்கிற அறக்கட்டளையின் கீழ் வளர்ந்ததுதான். இன்னொன்று, குறிப்பிட்ட சிலருக்காக மட்டும் ஏற்படுத்தும் தனியார் டிரஸ்ட். இதற்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் பொருந்தும். பொது அறக்கட்டளை காலாகாலத்துக்கும் நடக்கலாம். குடும்ப டிரஸ்டை அப்படி முடிவே இல்லாமல் நீட்டச் சட்டம் விடாது. நமக்கு வேண்டியது ஓர் ஆயுள்காலம்தானே. அதற்குத் தடை இல்லை.

“உயில் எழுதினால் போதாதா?” என்று கேட்பீர்கள். பெரும்பாலோருக்குப் போதும். இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து சொந்தக் காலில் நிற்கிறார்கள், ஒரு பிளாட், கொஞ்சம் டெபாசிட் என்றால், இரண்டு சாட்சிகளோடு ஒழுங்காக எழுதிய உயிலே தாராளம். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுவது நல்லது. வரிக்குப் பயந்து டிரஸ்ட் போட வேண்டிய அவசியமும் இல்லை. எஸ்டேட் டியூட்டி என்கிற சாவு வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள்.

உயில் போதாத இடம் எது? சொத்து கைக்கு வந்தாலும் அதைக் கையாள முடியாதவர்கள் இருக்கிற இடம். என் தம்பி மாதிரி ஒருவர். சிறு பிள்ளைகள். வங்கிப் பக்கமே போகாத மனைவி. கையில் காசு நின்றதே இல்லாத மகன். இவர்களுக்குச் சொத்தை மொத்தமாகக் கொடுத்தால், அது அவர்களைக் காப்பாற்றாது.

எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பச்சையப்ப முதலியார். கோயில் காரியங்களுக்கும் தர்மத்துக்கும் என்று பெரும் செல்வத்தை உயில் எழுதி வைத்துவிட்டு 1794-ல் காலமானார். உயில் இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் அந்தப் பணம் வழக்குகளில் சிக்கிக்கொண்டது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஒரு வழி பிறந்தது. சென்னையில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல். நாற்பத்தெட்டு வருடம்! தர்மத்துக்காவது காத்திருக்க நேரம் உண்டு. என் தம்பி சாப்பாட்டுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது.

அதனால் பத்திரத்தில் மிக முக்கியமான பகுதி சொத்து விவரம் அல்ல. டிரஸ்டி யார் என்பது. சட்டம் டிரஸ்டியை இறுக்கித்தான் கட்டுகிறது. கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். டிரஸ்ட் சொத்தில் சொந்த லாபம் பார்க்கக் கூடாது. பத்திரத்தில் சொல்லாமல் சம்பளம் எடுக்க முடியாது. ஆனால் சட்டம் வந்து தம்பிக்கு மாத்திரை கொடுக்காது. அதற்கு மனுஷர் வேண்டும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். டிரஸ்டிகள் மூன்று பேர்: நான், என் மகள், என் தங்கை மகன். அவன் ஒத்தக்கடையில் இருக்கிறான். கூப்பிட்டால் அரை மணியில் வந்து நிற்பான். டல்லாஸில் இருக்கிற மகனை வேண்டுமென்றே போடவில்லை. அவனே, “அப்பா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கையெழுத்துக்கு என்னைத் தேடாதீங்க” என்று சொல்லிவிட்டான். முதல் நகலில் நான் போன பிறகு என் இடத்துக்கு யார் என்று எழுதவே இல்லை. மனைவிதான் படித்துப் பார்த்துவிட்டு, “நீங்க சாகவே மாட்டீங்கன்னு எழுதியிருக்கே” என்றாள். திருத்தினோம்.

“நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று மட்டும் எழுதவும் இல்லை. மாதச் செலவு, மருத்துவம், அவன் எங்கே தங்குவது, வீட்டில் முடியாவிட்டால் இல்லத்தில் சேர்க்கும் முடிவை எத்தனை பேர் சேர்ந்து எடுப்பது, அவன் காலத்துக்குப் பின் மீதி யாருக்கு என்று ஒவ்வொன்றையும் எழுதினோம்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பத்திரம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டேன். டெபாசிட் எல்லாம் அதுவரை என் பெயரிலேயே கிடந்தது! வங்கியில் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா? சொத்து உள்ளே போகாத டிரஸ்ட் வெறும் காகிதம். டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, கணக்கு, பிறகு பணத்தை மாற்றுவது என்று எல்லாம் முடிந்தால்தான் அதற்கு உயிர்.

வீடு, நிலத்தை உயிரோடு இருக்கும்போதே டிரஸ்டுக்குக் கொடுத்தால் எழுத்து மூலம் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். குடும்பத்தாருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு உள்ள தீர்வைச் சலுகை டிரஸ்டுக்கும் உண்டு என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். நாங்கள் டெபாசிட்டை இப்போதே மாற்றினோம். பிளாட்டை, எங்கள் இருவர் காலத்துக்குப் பிறகு டிரஸ்டுக்குச் சேரும்படி உயிலில் எழுதினோம். வரிக் கணக்கு, பயனாளியின் பங்கு பத்திரத்தில் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. டிரஸ்ட் பணத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆளுக்குக் கார்டியன் தனியாக வேண்டும். பதினெட்டு வயது தாண்டினால் பெற்றோரே சட்டப்படி தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய டிரஸ்ட் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு கார்டியனை நியமிக்கிறது. நம் வளாகத்திலேயே இதைச் செய்ய வேண்டிய குடும்பங்கள் உண்டு. தயங்காமல் என்னிடம் வாருங்கள். விண்ணப்பம் போட நானும் கூட வருகிறேன்.

பத்திரமெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு சின்ன வழி உண்டு. ஆயுள் காப்பீடு எடுக்கும்போதே, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874-இன் கீழ் மனைவி, பிள்ளைகள் பெயரில் எடுக்கலாம். அந்தப் பாலிசி தானாகவே ஒரு டிரஸ்ட் ஆகிவிடும். கணவரின் கடன்காரர்கள் சாதாரணமாக அதில் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே கேட்க வேண்டும்.

கடைசியாக, சங்கத்துக்காக இரண்டு வார்த்தை. உரிமையாளர் இறந்துபோன பிளாட்டுகளில் பராமரிப்புக் கட்டணத்தை யாரிடம் கேட்பது என்று செயலாளர் தவிக்கிறார். நாமினி என்பவர் பெரும்பாலும் வாங்கிக் கொடுக்கிறவர்தான். அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உங்கள் உயில் எங்கே இருக்கிறது, நாளைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இரண்டையும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

நான் இங்கே கிளம்பும்போது தம்பி, “எங்கே போறே?” என்றான். “உன்னைப் பத்திப் பேசப் போறேன்” என்றேன். “வடை கொண்டா” என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.