தன்னைத் தோற்கடிக்கக் கற்றுத்தந்தவர்



ஒரு பயிற்சியாளரைப் பற்றிப் பேச எழுந்தால், எத்தனை கோப்பை வாங்கினார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கணக்கை முதலிலேயே உங்கள் முன் வைத்துவிடுகிறேன். அவர் பெயர் ஆன்சன் டோரன்ஸ். அமெரிக்காவில், நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 1979இல் தொடங்கி 2023 வரை 45 பருவங்கள், 900க்கும் மேற்பட்ட வெற்றிகள், 22 தேசியப் பட்டங்கள். 1990க்கும் 1994க்கும் இடையில் அவருடைய அணி தொடர்ந்து 92 ஆட்டங்களில் வென்றது. கேட்கும்போதே மலைப்பாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் சரியாக இருந்தும், அந்த மனிதரின் பணியை அளக்க இது போதாது என்பதே என் கட்சி. ஒரு பயிற்சியாளரின் வாழ்நாள் உழைப்பு, அவர் வென்ற ஆட்டங்களில் பாதிதான் தெரியும். மறுபாதி, அவரை வெல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் உருவானார்கள் என்பதில் தெரியும். குருவை மிஞ்சிய சிஷ்யன் என்பதை நாம் குருவுக்குச் சேர்ந்த பெருமையாகத்தானே சொல்கிறோம்? அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இந்த வாழ்க்கையை அளந்து பார்க்க விரும்புகிறேன். அளக்கும்போது குறைகளும் தெரியும். அவற்றை மூடி வைக்கப் போவதில்லை.

டோரன்ஸ் 1951இல் பம்பாயில் பிறந்தவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். தந்தை எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்ததால் நாடு நாடாக வளர்ந்தவர். அமெரிக்கச் சிறுவர்கள் அறியாத ஒரு பந்தாட்டத்தை வெளிநாடுகளில் கற்றவர். நார்த் கரோலினாவில் ஆண்கள் அணிக்கு ஏற்கெனவே பயிற்சியாளராக இருந்தவரிடம் 1979இல் பெண்கள் அணியும் ஒப்படைக்கப்பட்டது. 1988 வரை இரண்டு அணிகளையும் அவரே நடத்தினார். அந்த ஒப்படைப்புக்குப் பின்னால் இருந்தது ஒரு சட்டம். மைய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்று 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம். அதன் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் வகுப்பறைக்குப் பொருந்துவது மைதானத்துக்கும் பொருந்தும் என்றானபோது, கல்லூரிகள் பெண்களுக்கு அணிகள் அமைக்க வேண்டி வந்தது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்தவர்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை அதனால் எழுதித் தர முடியாது. சட்டத்துக்கு அஞ்சி அணி அமைத்த கல்லூரியும் உண்டு, ஆட்டத்துக்காக அணி அமைத்த கல்லூரியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடப்பதுதான் பயிற்சியாளரின் வேலை.

அவர் அதை எப்படிக் கடந்தார்? அதே பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித் என்ற புகழ்பெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். பயிற்சி நேரத்தில் நடக்கும் ஒவ்வொன்றையும் கணக்கெழுதி வைப்பது அவர் வழக்கம். அந்த முறையை டோரன்ஸ் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். ஓட்டம், உதை, ஒருத்திக்கு எதிராக ஒருத்தி ஆடும் ஆட்டம், தலையால் முட்டுவது என ஒவ்வொரு பயிற்சிக்கும் வெற்றி தோல்வி எழுதப்படும். எழுதியது தரவரிசையாக எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். போட்டிக் கொப்பரை என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் உண்டு. கொதிக்கும் கொப்பரைக்குள் தோழியும் தோழியும் மோத வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் கணக்குப் பிள்ளை வேலை. ஆனால் அந்தக் காலத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு வீடும் பள்ளியும் சொல்லித்தந்தது என்ன? விட்டுக்கொடு, அனுசரித்துப் போ, உன் தோழியைவிட நீ மேல் என்று காட்டிக்கொள்ளாதே என்பதுதான். அந்தப் பாடத்தை ஒரு நோட்டுப் புத்தகம் தலைகீழாக்கியது. முழு மூச்சோடு வெல்ல ஆசைப்படுவது பெண்ணுக்கு அழகுதான் என்று நாள்தோறும் எண்களால் எழுதிக் காட்டியது. 15 வயதிலேயே தேசிய அணிக்கு ஆடிய மியா ஹாம், 16 வயதில் ஆடத் தொடங்கி 350க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களைக் கண்ட கிறிஸ்டின் லில்லி, இருவரும் அந்தக் கொப்பரையில் வெந்து வந்தவர்கள்.

இங்கே ஒரு தடை எழும். ஆளே இல்லாத களத்தில் ஓடி முதலில் வருவது ஒரு சாதனையா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் 1982இல் பெண்களுக்கு முதன்முதலாகக் கால்பந்துப் பட்டப் போட்டி நடத்தியபோது வந்தவை 12 அணிகள்தான். 1982 முதல் 2000 வரையிலான 19 பட்டங்களில் 16 நார்த் கரோலினாவுக்கே போயின. அதன்பின் 2023 வரை நடந்த 23 போட்டிகளில் கிடைத்தவை ஐந்து மட்டும் (22இல் மீதி ஒன்று, 1982க்கு முன்பு வேறோர் அமைப்பு நடத்திய போட்டியில் வந்தது). 2012க்குப் பிறகு அவர் கையில் ஒரு பட்டமும் இல்லை. இந்த எண்களை வைத்து, எதிரி வந்ததும் இவர் சாயம் வெளுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதே எண்களை வேறு விதமாகப் படிக்கிறேன். 1995இல் நோட்டர் டாம் பல்கலைக்கழகம், நார்த் கரோலினாவின் சொந்த ஊரான சேப்பல் ஹில்லில், அரையிறுதியில் 1-0 என்று வென்று ஒன்பது ஆண்டுத் தொடர் ஆட்சியை முடித்தது. அதே 1995இல்தான் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் பெண்கள் அணியையே தொடங்கியது. நான்காவது பருவத்தில், 1998 இறுதி ஆட்டத்தில், அதே 1-0 கணக்கில் நார்த் கரோலினாவை வீழ்த்தியது. மூன்று ஆண்டு முன்புவரை இல்லாத ஓர் அணி எப்படி அந்த உயரத்தை எட்டியது? எட்ட வேண்டிய உயரம் கண்ணுக்கெதிரே நின்றதால்தான். இவ்வளவு பயிற்சி தேவை, பத்தாம் வகுப்பிலிருந்தே ஆட்டக்காரர்களைத் தேடிப் போக வேண்டும், பெண்கள் அணிக்கும் முழு நேரப் பயிற்சியாளர் வேண்டும் என்று தங்கள் நிர்வாகத்திடம் வாதாட மற்றக் கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்குச் சேப்பல் ஹில்லைவிடச் சிறந்த ஆதாரம் இருந்திருக்க முடியாது. இன்று முதல் பிரிவில் மட்டும் 300க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பெண்கள் அணி உண்டு; பட்டப் போட்டிக்கு 64 அணிகள் வருகின்றன. காலிக் களத்தில் ஓடியவர் என்று குறை சொல்வோம் என்றால், அந்தக் களம் அவர் காலத்திலேயே நிரம்பியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கல்லூரிக்கு வெளியிலும் பாருங்கள். 1986 முதல் 1994 வரை அவர் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணிக்கும் பயிற்சியாளர். 1991 நவம்பரில் சீனாவில் முதல் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. பெண்களால் 90 நிமிடம் தாங்க முடியாது என்பதுபோல், ஆட்டங்களை 80 நிமிடமாகக் குறைத்து வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் மிஷெல் ஏக்கர்ஸ் அடித்த இரண்டு கோல்களால் நார்வேயை 2-1 என்று அமெரிக்கா வென்றது. ஏக்கர்ஸ் நார்த் கரோலினாவில் படித்தவர் இல்லை. ஆனால் அந்த அணியின் 18 பேரில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் அவர்களில் ஒருவர். அதே ஹைன்ரிக்ஸ் 2000இல் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளராகி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றுத் தந்தார். சேப்பல் ஹில்லில் ஆடி, பின்பு அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்த சிண்டி பார்லோ கோன் 2020இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சம ஊதியம் தரும் ஒப்பந்தம் 2022இல் அவர் காலத்தில்தான் கையெழுத்தானது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய சான்றாகத் தெரிவது ஒரு டச்சுப் பெண்ணின் கதை. சரீனா வீக்மன், சிறுமியாக இருந்தபோது பையன்களோடு சேர்ந்து ஆடுவதற்காகத் தலைமுடியைக் குட்டையாகக் கத்தரித்துக்கொண்டவர். 1989இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து சேப்பல் ஹில்லில் ஒரு பருவம் ஆடினார். பெண்கள் ஆட்டத்தை முழு மரியாதையோடு நடத்தும் ஓரிடம் உலகில் உண்டு என்று கண்ணால் கண்டு ஊர் திரும்பினார். 2017இல் அவர் பயிற்சியில் நெதர்லாந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பிறகு 2022இலும் 2025இலும் அதே கோப்பையை இங்கிலாந்துக்கு வாங்கித் தந்தார். அந்த இங்கிலாந்து அணியில் லூசி பிரான்ஸ், அலெசியா ரூசோ, லாட்டி வுபன்-மோய் ஆகிய மூவரும் நார்த் கரோலினாவில் ஆடியவர்கள். ஒரு கல்லூரி மைதானத்தில் ஊன்றிய விதை, அமெரிக்காவுக்கே சவாலான ஐரோப்பிய அணிகளாக முளைத்து நிற்கிறது. இதைத் தோல்வி என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார்.

நண்பர்களே, இனி சொல்லப் போவது இந்தப் பேச்சின் கசப்பான பகுதி. 1998இல் அவருடைய முன்னாள் மாணவியர் இருவர் வழக்குத் தொடர்ந்தனர். ஆட்டக்காரர்களின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிப் பயிற்சியாளர் தகாத முறையில் பேசினார், கேட்டார் என்பது புகார். பாலியல் தொந்தரவு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, இருவரில் ஒருவரின் வழக்கு ஜூரி விசாரிக்கத்தக்கது என்று தீர்ப்பளித்தது. விசாரணை தொடங்கும் முன்பே, 2008இல் 3,85,000 டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அப்படிப்பட்ட பேச்சுகளில் தான் கலந்துகொண்டது தகாது என்று ஒப்புக்கொண்டு டோரன்ஸ் மன்னிப்புக் கடிதமும் தந்தார். கோப்பைகளைக் காட்டி இதை மறக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வழக்கு அவருடைய பயிற்சி முறைக்கு அப்பால் எங்கோ தனியே நடந்த ஒன்று என்றும் நான் கருதவில்லை. ஆண்களை அதட்டி ஆளலாம், பெண்களை நெருக்கத்தாலும் நம்பிக்கையாலும்தான் நடத்த வேண்டும் என்பது, இரு அணிகளையும் ஒரே காலத்தில் நடத்திய அனுபவத்திலிருந்து அவர் எடுத்த முடிவு. அதட்டலை விட்டது நல்லது. ஆனால் நெருக்கத்துக்கு வேலி வேண்டும். களத்தில் இறக்குவதா, வெளியே உட்கார வைப்பதா, கல்வி உதவித்தொகை தொடர்வதா, தேசிய அணிக்குப் போகும் வழி திறப்பதா என எல்லாம் ஒரு மனிதரின் வாயசைவில் இருக்கும்போது, அவர் விளையாட்டாகப் பேசுவதும் 19 வயதுப் பெண்ணின் காதில் விளையாட்டாக விழாது. சிரிக்க மறுக்கும் உரிமை அவளுக்கு அங்கே இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது என்ற சமாதானமும் எடுபடாது. அதே காலத்தில்தானே அந்தப் பெண்கள் நீதிமன்றப் படியேறினார்கள்? அவரை வெல்லக் கற்றவர்களின் வரிசையில் அந்த இருவரையும் நான் சேர்க்கிறேன். வெல்லப் பிறந்தவள் நீ என்று கேட்டு வளர்ந்தவர்கள், பத்தாண்டு நீண்ட ஒரு வழக்கில் எதிர்த்து நின்று காட்டினார்கள்.

இன்னொரு தடையும் இருக்கிறது. பெண்களுக்காகத் திறந்த களத்தில் பயிற்சியாளர் நாற்காலி ஏன் ஓர் ஆணுக்குப் போனது? 1972இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்களே. அந்த அணிகளுக்குப் பணமும் மதிப்பும் வந்த பிறகு அவர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. கால்பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982 முதல் 2024 வரை நடந்த 43 பட்டப் போட்டிகளில் பெண் பயிற்சியாளர் வென்றவை நான்கு: 1998இல் ஃபுளோரிடாவின் பெக்கி பர்லி, 2013இல் யுசிஎல்ஏவின் அமாண்டா குரோம்வெல், 2015இல் பென் ஸ்டேட்டின் எரிக்கா வால்ஷ், 2022இல் மறுபடி யுசிஎல்ஏவுக்கு, பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே வென்ற மார்கரீட் அவோசாசா. 43க்கு நான்கு! இந்த எண்ணிக்கைக்கு டோரன்ஸ் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆட்களைத் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அவருடைய நீண்ட ஆட்சி இந்தப் பழக்கத்துக்கு ஒரு சாக்காக அமைந்தது என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு வென்றவர் ஓர் ஆண், ஆகவே அடுத்தவரும் ஆணாகவே இருக்கட்டும் என்பது சோம்பேறித்தனமான தர்க்கம். அந்தத் தர்க்கத்தை உடைத்தவர்களும் அவர் கொப்பரையிலிருந்து வந்த ஹைன்ரிக்ஸும் வீக்மனும்தான் என்பது எனக்கு ஆறுதல். 1998 இறுதியில் அவரையே எதிர்கொண்டு வென்ற பர்லி அதைவிடப் பெரிய ஆறுதல்.

2024 ஆகஸ்டில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, டோரன்ஸ் ஓய்வை அறிவித்தார். துணைப் பயிற்சியாளராக இருந்த டேமன் நஹாஸ் அவசரமாகப் பொறுப்பேற்றார். 45 பருவம் ஒரே குரலைக் கேட்டுப் பழகிய அணி, அந்தக் குரல் இல்லாமல் களமிறங்கியது. அந்த டிசம்பரில், சேப்பல் ஹில்லுக்குப் பக்கத்திலேயே உள்ள கேரி என்ற ஊரில், வேக் ஃபாரெஸ்ட் அணியை இறுதி ஆட்டத்தில் 1-0 என்று வென்றது. 12 ஆண்டுகளாக அவர் தேடியும் கிடைக்காத பட்டம், அவர் விலகிய நான்காம் மாதத்தில் அந்த அணிக்குக் கிடைத்தது. அவர் பெயரில் உள்ள 22இல் அது சேராது. ஆனால் என் கணக்கில் அதையும் அவர் பக்கத்தில்தான் எழுதுகிறேன்.