தாய்மாமன் சீராக வந்த மிதிவண்டி

 

கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசத்தக்க பெரியோர்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒரு ரயில்வே குமாஸ்தா என்ன பேசப் போகிறான் என்று நீங்கள் எண்ணக்கூடும். நமது காரியதரிசி அவர்களோ, "வாசலில் நிற்கிறதே உங்கள் வீட்டுச் சைக்கிள், அதைப் பற்றியே பேசிவிடுங்கள்" என்று கட்டளையிட்டுவிட்டார். ஆகவே பிழையிருப்பின் அதில் பாதி அவரைச் சேரும்.

மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் எங்களுக்கு ஒரு பெண் மகவு பிறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். என் மனைவி ஞாயிறுதோறும் இந்த மண்டபத்தில் நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்தாள். குழந்தை பிறந்ததும் அது நின்றது. என்னிடம் இருப்பதோ இருபத்துநான்கு அங்குலச் சட்டமுடைய பழைய வண்டி. அதில் அவள் ஏறினால் கால் தரையைத் தொடாது. இத்தனைக்கும் அவள் புதுக்கோட்டைப் பெண். 1991இல் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வாயிலாக அம்மாவட்டத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்களே, அவர்களுள் என் மாமியாரும் ஒருவர். தாயிடம் மகள் கற்றாள். மணமாகி இங்கே வந்து மறந்தாள்.

எங்கள் அடுத்த தெருவில் ஒரு வங்காளி மிஸ்திரி இருக்கிறார். கரக்பூர்ப் பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, பின் இவ்வூருக்கு மாற்றலாகி, பிட்டராகவே ஓய்வு பெற்றவர். என் மனைவிக்கு உடன்பிறந்தான் இல்லை. ஆகவே பதினோரு ஆண்டுகளாகப் பாய் ஃபோட்டா நாளன்று அவருடைய நெற்றியில் சந்தனப் பொட்டிட்டு, அவரைத் 'தாதா' என்று அழைத்து வருகிறாள். வங்காளத்தில் அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். ஊரிலிருந்து வந்த என் தாயார் அதைத் தாத்தா என்றே கொண்டு, தம்மைவிட இளையவரான அம்மனிதரை இன்றுவரை அப்படியே அழைக்கிறார்! அவருக்கு அதில் சிறிது வருத்தமுண்டு.

அவருக்கும் எனக்கும் இடையே ஒரு கசப்பு இருந்தது. அதைச் சபையில் மறைக்க விரும்பவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய காகிதங்கள் என் மேஜைக்கு வந்தன. பணிப்பதிவேட்டில் அவர் பெயர் ஒருவிதமாகவும், பாங்கிப் புத்தகத்தில் ஓரெழுத்து வேறாகவும் இருந்தது. பைலைத் திருப்பியனுப்பினேன். விதிப்படி அது சரியே. ஆனால் அன்று மாலையே அடுத்த தெருவுக்கு நடந்து சென்று, "இன்ன காகிதம் வேண்டும்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும். அண்டை வீட்டாருக்குச் சலுகை காட்டினேன் என்ற பேச்சுக்கு அஞ்சி வாய் திறவாமலிருந்தேன். மூன்று மாதம் அவருக்குப் பென்ஷன் வரவில்லை. அவ்வாண்டும் சந்தனப் பொட்டுக்கு அவர் வந்தார். என்னோடு மட்டும் பேசவில்லை. அதன் பின்னும் இரண்டாண்டு அப்படியே கழிந்தது.

குழந்தைக்கு ஏழாம் மாதம் அன்னப்பிராசனம் வைத்தோம். வங்காளிகளின் வழக்கப்படி முதற் சோற்றைத் தாய்மாமன் ஊட்ட வேண்டும். மிஸ்திரி வந்தார், கையில் வெள்ளிக் கிண்ணம் இல்லை, ஒரு புது மிதிவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். கடையில் வாங்கியதன்று. நான்கு மாதம் தம் வீட்டுக் கொல்லையில் தாமே செய்தது. சில மாதங்களுக்கு முன் அவருடைய மனைவியார், உள்பாவாடை தைப்பதற்கென்று சொல்லி, என் மனைவியின் இடுப்பிலிருந்து தரைவரை நூல்பிடித்து அளந்து சென்றதன் இரகசியம் அப்போதுதான் விளங்கிற்று.

எனக்கோ மகிழ்ச்சிக்கு முன் அச்சமே வந்தது. 1966ஆம் ஆண்டு ரயில்வே நடத்தை விதிகளில் பதின்மூன்றாம் விதி, பரிசு பெறுவதைப் பற்றியது. சமய, சமூக வழக்கத்தையொட்டிய வைபவங்களில், உத்தியோகத் தொடர்பில்லாத சொந்த நண்பர்களிடம் பெறலாம். மதிப்பு வரம்பைக் கடந்தால் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். இவருடைய பைலோ என் கைபட்டது. கூடத்தில் நின்றபடியே, "விலை எவ்வளவு என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்" என்றேன். அவர் முகம் கறுத்தது. வண்டியைத் திருப்பினார்.

என் மனைவி வாசற்படியில் வந்து நின்றுகொண்டாள். "இது உங்களுக்கு வந்ததல்ல, என் மகளுக்கு அவள் மாமன் கொண்டுவந்த சீர். காகிதம் எழுத வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். எழுதினேன். பைல் முடிந்து இரண்டாண்டாயிற்று, அவருடைய காரியம் எதுவும் நிலுவையில் இல்லை, பதினோராண்டு உறவு இத்தகையது என்று உள்ளதை உள்ளபடி எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, சிரித்து, கையொப்பமிட்டு வைத்துக்கொண்டார். அன்று மாலை நான் மிஸ்திரியின் வீட்டுக்குச் சென்று, மூன்றாண்டுக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையைச் சொன்னேன். அவர் அதற்கு விடை கூறவில்லை. கொல்லைக்கு அழைத்துச் சென்று வண்டி செய்த விதத்தைக் காட்டலானார்.

அதை நான் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குழாய்களை உருக்கி ஒட்டுவதில்லை. குழாயின் முனையை ஓர் எஃகு உறைக்குள் செருகி, வெண்காரம் தடவிச் செந்தழலாகக் காய்ச்சிப் பித்தளைக் கம்பியைத் தொடுவித்தால், அது இளகி இடுக்கெங்கும் தானே ஊர்ந்து நிறைகிறது. பித்தளைக்குச் சுமார் 900 பாகை வெப்பம் போதும். எஃகு உருகச் சுமார் 1,500 வேண்டும். ஆகவே குழாய்க்குக் கேடில்லை. சேலையோடு ஏறுவதற்காக மேற்குழாயை நீக்கியிருக்கிறார். மிதிக்கும்போது தாயின் குதிகால் குழந்தையின் பாதத்தில் இடிக்கலாகாது என்று பின்சக்கரத்தை இரண்டங்குலம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, சுமை தாங்கும் பின்சக்கரத்துக்கு 40. சாதாரண வண்டியில் முன்பல் 44, பின்பல் 18. ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். இவர் பின்பல்லை 22 ஆக்கி இரண்டு சுற்றாகக் குறைத்துவிட்டார். வேகம் குறைவு, பிள்ளை பெற்ற உடம்புக்கு மிதி இலேசு. பின்னால் பிரம்பு இருக்கை; கால் சக்கரத்தில் நுழையாதபடி இருபுறமும் கம்பிவலை; ஏற்றி இறக்கும்போது சாயாமலிருக்க அகன்ற இரட்டைக்கால் ஸ்டாண்டு.

காற்றடைத்த டயரைக்கூட பெல்பாஸ்டில் இருந்த டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் தம் சிறு மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமலிருக்கவே செய்து பார்த்தார் என்றும், 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்றும் படித்திருக்கிறேன். இதை மிஸ்திரியிடம் சொன்னபோது, "அவருக்குத் தன் பிள்ளை, எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை" என்றார். அவருக்குக் குழந்தைகள் இல்லை என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஓராண்டு நிறையும்வரை குழந்தையை வண்டியில் உட்கார வைக்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அதுவரை அவ்விருக்கையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கட்டி, என் மனைவியை மைதானத்தில் ஓட்டிப் பழகச் செய்தார். இருமுறை விழுந்தாள், அரிசிதான் சிந்திற்று. இப்போது குழந்தைக்குப் பதினான்கு மாதம். ஞாயிறு காலையில் அவர் வந்து கம்பிகளை நகத்தால் தட்டி ஓசை பார்த்த பின்னரே வண்டி தெருவில் இறங்குகிறது. குழந்தை அவரை 'மாமா' என்கிறது. வங்காளியிலும் தாயின் உடன்பிறந்தானுக்கு அதே சொல்தானாம்.

தமிழ் வகுப்பு சென்ற மாதம் மீண்டும் தொடங்கிவிட்டது. பெற்றோர்கள் பிள்ளைகளைப் பத்து மணிக்குத் தவறாமல் அனுப்ப வேண்டுகிறேன். வண்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். மிஸ்திரியும் அங்கேதான் நிற்கிறார். மணியை மட்டும் அடித்துவிடாதீர்கள், குழந்தை உறங்குகிறாள்.